கோட்டோரத்தில் நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் புதிதாக வரும் பெற்றோரும், புதிதாக விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பயிற்சியாளர்களும் அதே பழைய தவறுகளில் விழுகிறார்கள். சிறுவர் கால்பந்தில் பயிற்சி கொடுக்கும் எனக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கெட்ட வார்த்தை பேசக் கூடாது, மைதானத்துக்குள் ஓடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அக்கறையுள்ளவர்களே செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பந்து காலில் இருக்கும்போது கத்துவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். சமீபத்தில் ஓர் ஆட்டம். வலது ஓரத்தில் தடுப்பாட்டம் ஆடிய பத்து வயதுப் பையனிடம் பந்து வந்தது. அப்பா "அடி, அடி!" என்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து கோச் "பாஸ் பண்ணு!" என்றார். இன்னொருவர் "திரும்பு!" என்றார். நடுவில் ஒரு தோழன் கையைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாமல் நின்றான். பையன் அவனைப் பார்க்கவே இல்லை, அப்பா முகத்தைப் பார்த்தான். அதற்குள் எதிரணிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். கோல். "எங்கடா பாத்துட்டு இருக்க?" என்று அப்பா மறுபடியும் கத்தினார்.

வெளியே நிற்பவர் பார்த்து, யோசித்து, கத்தி, அது பிள்ளையின் காதில் விழுந்து கால் அசைவதற்குள் ஆட்டம் வேறு மாதிரி ஆகியிருக்கும். நல்ல யோசனையும் நேரம் தப்பித்தான் போய்ச் சேரும். "பின்னால ஆள்!" என்று கூட ஆடுபவன் கொடுக்கும் குரல்தான் அந்த நொடியில் உதவக்கூடியது, அதுவும் இந்தச் சத்தத்தில் அமுங்கிவிடுகிறது.

ஒரு கோல் போனால் போகட்டும். பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்து, என்ன செய்வதென்று தானே முடிவெடுக்கப் பழக வேண்டிய வயது இது. யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கப் பழகிய பிள்ளை, பதினான்கு பதினைந்து வயதில் ஆட்டம் வேகமெடுக்கும்போது திணறுகிறது. அப்போது திருத்துவது பெரும்பாடு. காலில் அத்தனை திறமை இருந்தும் அப்படித் திணறி ஒதுங்கிப்போகும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறெரிகிறது.

கோச்சுகளே, சொல்ல வேண்டியதை இடைவேளையில் சொல்லுங்கள். அவசரமென்றால் பந்து வெளியே போனதும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். பயிற்சியாளர் பகுதியிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் உத்தி சொல்லலாம் என்று கால்பந்து விதியே இருக்கிறது. பெற்றோரே, பிள்ளையின் முயற்சி முடிந்த பிறகு கைதட்டுங்கள், அது தோற்ற முயற்சியாக இருந்தாலும் சரி.

நடுவரோடு மல்லுக்கு நிற்பது

சிறுவர் ஆட்டங்களில் விசில் ஊதுபவரும் பல நேரம் பதின்வயதுக்காரர்தான். அவரும் கற்றுக்கொண்டிருக்கிறார். நடுவர்கள் மீதான வசையைக் குறைக்க இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் 2008-இல் 'ரெஸ்பெக்ட்' என்று தனித் திட்டமே தொடங்கியது. 2019-இல் விதிகள் மாறியதிலிருந்து பயிற்சியாளர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. அவர்கள் பகுதியிலிருந்து கத்தியது யாரென்று தெரியாவிட்டால் அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளருக்குத்தான் அட்டை. உங்கள் உதவியாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எதிரணிப் பிள்ளை தவறவிட்டால் கைதட்டுவது

வேண்டாம். அதுவும் ஒரு பிள்ளை.

தப்பு செய்ததும் வெளியே எடுப்பது

பாஸ் தவறிய அடுத்த நிமிடமே மாற்று ஆட்டக்காரரை இறக்கினால், பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் படும். அப்புறம் பந்தை எங்காவது தள்ளிவிட்டால் போதும் என்றுதான் ஆடும். யார் எப்போது வெளியே வருவார்கள் என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்து பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் ஒரு பிள்ளை சொதப்பினாலும் அந்தக் கணக்கை மாற்றாதீர்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அலசுவது

பிள்ளை தானாகப் பேச்சை ஆரம்பித்தால் பேசுங்கள். இல்லையென்றால் ஆட்டத்தை விட்டுவிடுங்கள்.