டெல்டாவில் சட்டம், தர்மம், இயற்கை: எதை எதோடு குழப்பக் கூடாது

நிலத் தகராறோ தண்ணீர்த் தகராறோ, டெல்டாவில் முதலில் காதில் விழுவது "நியாயம் நம்ம பக்கம்தான்" என்பது. இருக்கலாம். ஆனால் ஊர் நியாயம், கோர்ட்டுச் சட்டம், இயற்கையின் விதி, சாமிக்குப் பயந்த தர்மம் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்றை நம்ப வேண்டிய இடத்தில் இன்னொன்றை நம்பி நிலத்தையே விட்டவர்கள் உண்டு.

குத்தகையில்தான் இது அதிகம். "பன்னிரண்டு வருஷம் உழுதா நிலம் நமக்கு" என்ற பேச்சை நம்பாதீர்கள். காலவரையறைச் சட்டத்தில் 12 ஆண்டு என்று இருப்பது உண்மைதான். உடையவர் சம்மதத்தோடு குத்தகை அளந்து சாகுபடி செய்பவருக்கு அது பொருந்தாது. கோயில் தன் நிலத்தை மீட்கப் போடும் வழக்குக்கோ காலவரம்பே கிடையாது. குத்தகைதாரருக்கு உண்மையான காவல் 1955-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம். அதற்குக் கையில் காகிதம் வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏற்றத் தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள். நெல் அளந்த கையோடு ரசீது கேளுங்கள். உடையவர் தப்பாக நினைப்பாரே என்று கூச்சப்படாதீர்கள். அவர் குத்தகையை வாங்க மறுத்தால், மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து சும்மா இருக்கக் கூடாது. வருவாய் நீதிமன்றத்தில் கட்டலாம். பாக்கி விழுந்தால் வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும்.

அடுத்தது திருவாரூர்க் கல்தேர் நமக்குள் ஊன்றிய நம்பிக்கை. கன்றை இழந்த பசு மணியடித்ததும், பெற்ற மகன் மேலேயே தேரை ஓட்டத் துணிந்த மனுநீதிச் சோழன் கதை, ஆள்பவனுக்கு இருக்க வேண்டிய தர்மத்தைச் சொல்கிறது. அதன் பெருமை குறையாது. ஆனால் இன்று ஒரு நீதிபதி தன் மகன் வழக்கைத் தொடவே கூடாது. அந்தச் சோழன் பெயரில் ஆட்சியர் நடத்தும் மனுநீதி நாளில் பட்டா மாறுதல், உதவித்தொகை மனுக்கள் நகரும். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அங்கே தீராது. அதற்குச் சிவில் கோர்ட்டுதான். மனுக் கொடுத்தாயிற்று என்று உட்கார்ந்திருந்தால் வழக்குப் போடும் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஊர்ப் பஞ்சாயத்து சமாதானம் பேசலாம், தப்பில்லை. தள்ளிவைப்பு, அபராதம் என்று இறங்கினால் அது கட்டப் பஞ்சாயத்து. சட்டவிரோதம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, தண்ணீருக்கு வருவோம். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில், தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவுக்குக் கர்நாடகம் விட வேண்டிய தண்ணீர் 177.25 டிஎம்சி என்று இருப்பது இயல்பான மழை ஆண்டுக்கு. பற்றாக்குறை ஆண்டில் பங்கும் சுருங்கும். எனவே தீர்ப்பை நம்பி நாற்றங்கால் போடாமல், மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துக் குறுவையை முடிவு செய்யுங்கள். கடைமடைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு, எனக்கு அதிகம் வலிப்பது அதுதான். சம்பா மூழ்கினால் "இயற்கை, என்ன செய்ய" என்று விட்டுவிடுகிறோம். மழை இயற்கை. வடிகாலில் மண்டிய வெங்காயத்தாமரையும் கரையை மறித்த ஆக்கிரமிப்பும் இயற்கை இல்லை; அவற்றுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். அடைபட்ட இடத்தைப் படமெடுத்து, புல எண்ணோடு நீர்வளத் துறைக்கு மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே தூர்வாரத் தீர்மானம் போட வையுங்கள். அக்டோபர் 2 சபைக்குத் தள்ளினால், இயந்திரம் இறங்குவதற்குள் மழை இறங்கிவிடும்.