பனி பிடித்த தட்டும் பாதியில் நின்ற பாட்டும்: மலையகத்தில் ரெக்கோட் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலவாக்கலை டவுனில் அப்போது ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. வெற்றுக் கசெட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். பள்ளிக்கூடம் போகும் காலத்தில் பீட்டில்ஸின் 'அபி ரோட்' ஆல்பத்தை அங்கே முழுசாகப் பதியக் கொடுத்தேன். வீட்டில் வந்து போட்டால், முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கிட்டார் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, பின்னால் காற்று மாதிரி ஓர் இரைச்சல் ஏறிக்கொண்டே வருகிறது, திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது. கத்தரியால் நறுக்கினது போல.

டேப் போதாமல் வெட்டிவிட்டார் என்று நினைத்து, சனிக்கிழமை கடைக்காரரிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நான் வெட்டல. இங்க வந்து ஒக்காரு" என்று அந்த ஆல்பத்தின் எல்பி தட்டை எடுத்துத் துடைத்து, கடைசிப் பாட்டில் ஊசியை வைத்தார். தட்டிலும் அதே இடத்தில் அப்படியே நின்றது. ஜோன் லெனன் வேண்டுமென்றே டேப்பை அங்கே வெட்டச் சொன்ன இடம் அது. "இனித் தட்டத் திருப்பணும். திருப்பினா என்ன வருதுன்னு கேளு" என்றார். திருப்பினார். ஜோர்ஜ் ஹரிசனின் கிட்டார் மெல்லக் கிளம்பியது. வெயில் வருகிறது என்று பாடும் பாட்டு. அது ஜூலை மாதம். வெளியே நாட்கணக்காக வெயிலைக் காணாத மழை, கடை வாசலில் குடைகள் சொட்டிக்கொண்டு நின்றன.

1969இல் அந்த ஆல்பத்தைச் செய்தவர்கள், கேட்பவர் எழுந்து வந்து தட்டைத் திருப்பும் அந்த அரை நிமிட அமைதியையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இசைத்தட்டுக்கு ஓர் உடம்பு இருக்கிறது. அந்த உடம்பைத் தெரிந்துகொள்ளாமல் பாட்டை மட்டும் கேட்கப் போவதால்தான் நாங்கள் செய்யும் தவறுகளில் பாதி வருகிறது.

பாட்டைப் பொறுக்கிக் கேட்பது

நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குல எல்பி 1948இல் வந்தது. ஒரு பக்கத்தில் 20, 22 நிமிடம் வசதியாகப் பிடிக்கும். அதற்கு மேல் திணித்தால் ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கி, சத்தம் குறைந்து, பாஸ் மெலிந்து போகும். அதனால் 60களின் பின்பாதியிலிருந்து ரொக் இசைக்குழுக்கள் பக்கம் பக்கமாக யோசித்தார்கள்: எதில் தொடங்குவது, எதில் முதல் பக்கத்தை மூடுவது, திருப்பியதும் எதைக் கேட்க வைப்பது என்று.

பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்', 1973இல் வந்தது. இதயத் துடிப்போடு தொடங்கி இதயத் துடிப்போடு முடிகிற ஆல்பம். முதல் பக்கம் சாவைப் பற்றிய பாட்டில், சொல்லே இல்லாத ஒரு பெண் குரலோடு அடங்கும். தட்டைத் திருப்பினால் சில்லறைக் காசும் கல்லாப்பெட்டியும் குலுங்குகிற 'மணி' பாட்டு. சாவை நினைத்துக்கொண்டு இருந்தவனைக் கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிற மாதிரி. அந்தப் பாட்டை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்பவருக்கு நல்ல பாட்டு கிடைக்கும், இந்த அதிர்ச்சி கிடைக்காது.

'மணி'யைப் பற்றி இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ரொக் என்றால் வெறும் சத்தம், தாளக்கட்டு இல்லாத கூச்சல் என்று எங்கள் பெரியவர்கள் நிறையப் பேர் நினைப்பார்கள். காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிற என் பெரியப்பாவும் அப்படித்தான். ஒரு நாள் இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர், உள்ளே இந்தப் பாட்டு ஓடும்போது விரலால் பெஞ்சில் தட்டிப் பார்த்தார். இரண்டு சுற்றுத் தட்டிவிட்டு, "ஏழாட்டம்ல வருது" என்றார். ஆமாம், ஏழுதான். சக்ஸபோன் முடிந்து கிட்டார் தனியாகக் கிளம்பும்போது நாலுக்கு மாறும், பிறகு மறுபடி ஏழுக்கு வரும். மாறின இடத்தையும் அவர் விரலிலேயே பிடித்தார். ஏழு எண்ணிக்கையில் வரும் மிஸ்ர சாப்புத் தாளம் கேட்டு வளர்ந்த காது நமக்கு இருக்கிறது. இங்கிலீஷ் விளங்கவில்லை என்பதற்காக இந்த இசையைத் தூர வைப்பது பெரிய நட்டம்.

முதல் நிமிடத்திலேயே தீர்ப்புச் சொல்வதும் இதே வகைத் தவறு. லெட் செப்பலின் 1971இல் வெளியிட்ட நான்காவது ஆல்பத்தின் அட்டையில் பெயரே கிடையாது. அதில் முதல் பக்கத்தை மூடுகிற 'ஸ்டெயர்வே டு ஹெவன்' எட்டு நிமிடப் பாட்டு. அதில் டிரம்ஸ் நுழைவதே நான்கு நிமிடம் தாண்டித்தான். நான்காவது நிமிடத்துக்கு முன்னால் கையை நீட்டி அடுத்த பாட்டுக்குத் தாவுகிறவருக்கு டிரம்ஸ் வாசிக்கிற ஜோன் பொன்ஹம் யாரென்றே தெரியாமல் போய்விடும்.

கசெட்டில் இன்னொரு சிக்கல். சி-90இல் பக்கத்துக்கு 45 நிமிடம் என்பதால், இரண்டு ஆல்பத்தைப் பக்கத்துக்கு ஒன்றாக ஏற்றிக்கொள்வோம். மிச்சம்தான், ஆனால் நடுவில் இருக்க வேண்டிய அமைதி போய்விடும். பதியும்போது இரண்டு பக்கத்துக்கும் இடையில் பத்து விநாடியாவது வெற்றாக விடுங்கள். சி-120 கசெட் பக்கமே போகாதீர்கள். டேப் மெல்லியது, சீக்கிரம் சிக்கும்.

ஈரம், புகை, பஸ்

கொழும்பில் இருப்பவர் எழுதுகிற குறிப்பை வாசித்துவிட்டு அப்படியே செய்தால் இங்கே சரி வராது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முடிவிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் அந்த மாதங்கள் வறண்ட காலம். அவர்களுக்கு மழை ஆண்டுக் கடைசியில். அதனால் தட்டுகளை எப்போது எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது நீங்கள் மலையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது.

ஈரத்துக்குப் பயந்து பொலித்தீனில் சுற்றி இறுக்கிக் கட்டிப் பெட்டிக்குள் வைப்பார்கள். இதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வெளியே போக வழியில்லாமல், மூன்று மாதத்தில் அட்டையில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிடும். தட்டுக்கு வேண்டியது காற்று. வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, தரையில் படாமல் பலகை மேல், முதுகுப் பக்கம் திறந்த அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் உள்ளவை வளையும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் அலுமாரிக்குள் போடுங்கள். அவ்வப்போது சூடுகாட்டிக் காயவைத்தால் திரும்பவும் ஈரம் உறிஞ்சும்.

ஈரம் போகட்டும் என்று அடுப்படிக்குப் பக்கத்தில் வைப்பது அதைவிட மோசம். லயன் வீட்டு விறகுப் புகையில் உள்ள கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் பள்ளத்துக்குள் இறங்கினால் எடுக்கவே முடியாது. சூடும் ஆகாது.

சூடு என்ன செய்யும் என்பதை ஒரே பயணத்தில் படித்தேன். கொழும்பில் மருதானைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' கிடைத்தது. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோவில், அவர்கள் பதிவு செய்ய இருந்த கசினோ எரிந்துபோனதும், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டூடியோவை வைத்து ஒரு ஹோட்டலில் பதிந்த ஆல்பம். நெரிசலான பஸ்ஸில் மடியில் வைக்க இடமில்லாமல், டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடி மேல் பத்திரமாக வைத்தேன். கினிகத்தேனை ஏற்றத்தில் அந்த மூடி கொதித்திருக்கிறது. வீட்டில் எடுத்துப் பார்த்தால் தட்டு அப்பளம் மாதிரி ஓரம் தூக்கி நின்றது. அந்த நெருப்பைப் பற்றிய பாட்டுள்ள ஆல்பத்தைச் சூட்டுக்கே கொடுத்துவிட்டேனே என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை. ரயிலில் வாருங்கள். தட்டை நிமிர்த்தி, காலுக்கும் பைக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சணம் பிடித்துவிட்டால்? வெளியே எடுத்துப்போய், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, மெல்லிய பிரஷால் தட்டுங்கள். உள்ளுறைக் காகிதத்தை எறிந்துவிடுங்கள். அதில்தான் விதை இருக்கும். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மெத்தென்ற துணி. நடு லேபிள் நனையக் கூடாது. துடைப்பது வட்டமாக, பள்ளத்தின் போக்கிலேயே இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தால் தூசி பள்ளத்தைக் குறுக்கே கீறும். கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் அலசி, நிழலில் நிமிர்த்திக் காயவையுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவும் வேண்டாம்.

பழைய பங்களாக்களில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் கிடைத்தால் மட்டும் கூடுதல் கவனம். அவை எல்பி போல வினைல் பிளாஸ்டிக் அல்ல, பெரும்பாலும் அரக்கு. சாராயச் சத்துள்ள எந்தத் திரவம் பட்டாலும் அரக்கு கரைந்துவிடும். எல்பி ஊசியையும் அதில் வைக்க முடியாது; பள்ளம் அகலமானது, ஊசியும் அகலமானது வேண்டும்.

கரண்டும் ஊசியும்

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்புகிற, தட்டைச் சுற்ற வைக்கும் பழைய டர்ன்டேபிளை வந்த அன்றே சொருகாதீர்கள். பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பான் சாமான் 100 வோல்ட், அமெரிக்கச் சாமான் 120. நேரே சொருகினால் புகைதான்.

டிரான்ஸ்போமர் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. அது வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பழைய ஏ.சி. மோட்டார் 50இல் மெதுவாகத்தான் சுற்றும்: நிமிடத்துக்கு 33⅓ இடத்தில் சுமார் 27.8 சுற்று. சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். லெட் செப்பலின் பாடகர் ரொபட் பிளான்டின் குரல் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலக் கேட்டால், தட்டில் பழுதில்லை, மோட்டார்ப் பிரச்சினை. சில மாடல்களுக்கு 50 ஹெர்ட்ஸ் பெல்ட் சக்கரம் தனியாகக் கிடைக்கும். டி.சி. மோட்டார் உள்ளவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. சித்திரைப் பக்கத்து மாலை இடி மழைக்கு முன்னால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

டர்ன்டேபிளை எம்ப்ளிஃபயரின் சாதாரணத் துளையில் சொருகிவிட்டு, "வினைல் என்று இதைத்தானா புகழ்ந்தார்கள், தகர டப்பா சத்தம்" என்று ஒரு தம்பி குறைப்பட்டார். தட்டை வெட்டும்போதே பாஸைக் குறைத்து, மேல் சத்தத்தைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் பாஸுக்கே பள்ளம் அகன்று இடம் போய்விடும். 1954இலிருந்து பொதுவாக எல்லாரும் பின்பற்றுகிற அளவு அது. 'போனோ' என்று எழுதிய துளைதான் அதைத் திருப்பிச் சரிசெய்யும். அந்தத் துளை இல்லையென்றால் சின்னதாய் ஒரு போனோ ப்ரீ-எம்ப் வாங்க வேண்டும்.

ஊசி துள்ளுகிறது என்று அதன் தலையில் ஐந்து ரூபாய்க் காசை ஒட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஊசி பொருத்தியிருக்கும் இன்றைய காந்தக் காட்ரிஜ்களில் பலவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் பாரம் போதும். காசு அதைப் பல மடங்கு ஆக்கிப் பள்ளத்தை உழுதுவிடும். துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் மரத்தரை. நடக்கும்போது தரை ஆடுகிறது, மேசை ஆடுகிறது. சுவரில் ஒரு பலகை அடித்து அதன் மேல் வையுங்கள்.

ஊசி தேய்ந்ததா என்று பார்க்கவும் எளிய வழி இருக்கிறது. தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் விநாடிக்கு ஏறக்குறைய அரை மீட்டர் ஓடுகிறது. லேபிளுக்குக் கிட்ட 20 சென்ரிமீட்டர் சொச்சம்தான். அதே இசையை அவ்வளவு சின்ன இடத்தில் நெருக்கிவைத்திருப்பதால், ஊசியின் குறை முதலில் கடைசிப் பாட்டில்தான் தெரியும். 'ஸ்டெயர்வே'யின் முடிவில் 'ஸ' ஓசைகள் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலக் கேட்டால், தட்டைக் குறை சொல்வதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். வெளிநாட்டு ஆல்பங்களைத் தேடி அலைகிற நாங்கள், ஊருக்குள் இருப்பதைக் கவனிப்பதில்லை. தேர்த் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டினவர்களின் வீட்டுப் பரணில் பழைய சினிமாத் தட்டுகளும், ஏ. ஈ. மனோகரன் காலத்துப் பொப்பிசைத் தட்டுகளும் இன்னும் கிடக்கின்றன. புது வீட்டுக்குப் போகும்போது குப்பையோடு போய்விடுகின்றன. போய்க் கேளுங்கள். கிடைத்தால் அன்றைக்கே போட்டுப் பார்க்காமல், முதலில் கழுவிக் காயவையுங்கள். லேபிளில் 45 என்றிருந்தால் வேகத்தை மாற்றுங்கள், நடுத்துளை பெரிதாக இருந்தால் அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த லவுட்ஸ்பீக்கர் ஐயாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் போடுங்கள்.