உறவினர் வீட்டில் தங்கிச் செய்யும் வியாபாரப் பயணம்: செலவுக் கணக்கு எழுதுவது எப்படி?

கிருஷ்ணகிரி மாங்காய் வியாபாரி ஒருவர் பாக்கி வசூலிக்கக் கோயம்பேடு போகிறார். இரண்டு இரவு தங்கை வீட்டில் தங்குகிறார். தங்கை காசு வாங்குவாரா? ஊர் திரும்பியதும், "லாட்ஜில் தங்கியிருந்தால் மூவாயிரம் ஆகியிருக்கும்" என்று அதைக் கணக்கில் ஏற்றிவிடுகிறார். கணக்கு எழுதும் தொழிலில் நான் அடிக்கடி அடித்துத் திருத்தும் வரி இது. கையை விட்டுப் போகாத பணத்தைச் செலவாக எழுத முடியாது.

முதலில், எந்த முறையில் வரி கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் விற்றுமுதலின் 8 சதவீதத்தை (வங்கி வழி வரவுக்கு 6) லாபமாகக் காட்டுபவர் பயணச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. கமிஷன் மண்டிக்காரர்களுக்கு அந்தப் பிரிவே பொருந்தாது. (இங்குள்ள பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி; 2026 ஏப்ரல் 1 முதலான 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு.)

அடுத்து, பயணத்தின் நோக்கத்தை அன்றைக்கே எழுதிவையுங்கள்: தேதி, ஊர், யாரைப் பார்த்தீர்கள், எதற்காக. 37(1) பிரிவு கேட்பது, செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்கானதா என்பதைத்தான். பஸ் டிக்கெட், சந்தைக்குப் போன ஆட்டோ, வெளியில் சாப்பிட்ட சாப்பாடு ஆகியவற்றை எழுதலாம். தங்கை பிள்ளைகளுக்கு வாங்கிய இனிப்பு சொந்தச் செலவு. வசூல் முடிந்தபின் காதுகுத்துக்காக இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினால், அந்த நாட்களின் செலவை விட்டுவிடுங்கள். காதுகுத்துக்கென்றே போய், போன இடத்தில் சந்தையை எட்டிப்பார்த்தீர்களா? அப்படியானால் பஸ் கட்டணத்தை எழுதாதீர்கள். சந்தைக்குப் போய்வந்த ஆட்டோ மட்டும் போதும்.

உண்மையாகவே அறை வாடகை கொடுத்தால், வங்கி வழியே கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடைக்காது. உடன்பிறந்தவருக்குச் சந்தை விலையை மீறிக் கொடுத்த பகுதியை 40ஏ(2) பிரிவில் அதிகாரி தள்ளிவிடலாம். வாங்கியவருக்கு அது வருமானம் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். பலர் இதைச் சொல்வதே இல்லை.

ஓசூர் தொழிற்சாலைகளில் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. நிறுவனம் வெளியூர்ப் பயணத்துக்குத் தினப்படி கொடுத்து, நீங்கள் நண்பர் வீட்டில் தங்கினால், செலவான அளவுக்குத்தான் 10(14) பிரிவில் விலக்கு. மிச்சம் பிடித்தது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும்.