டெக்சாஸின் சின்ன கவுண்டியில் கைதுப் பதிவைத் தேடிய என் அனுபவம்

எங்களோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவரை மேற்கு டெக்சாஸ் பக்கம் கைது செய்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது, எந்தச் சிறை என்று யாருக்கும் தெரியவில்லை. கூகுளில் தேடினால் காசு கேட்கும் தளங்கள்தான் வரிசையாக வருகின்றன, தயவுசெய்து அவற்றுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

அந்த கவுண்டியின் (மாநிலத்துக்குள் இருக்கும் சிறு நிர்வாகப் பகுதி) ஷெரிஃப் அலுவலகம், அதாவது அந்தப் பகுதிக் காவல் அலுவலகம், கைதிகள் பட்டியலை இணையத்தில் போடுவதில்லை. சரி என்று போன் போட்டேன். எங்களுக்குச் சொந்தச் சிறையே கிடையாது, பக்கத்து கவுண்டியில்தான் வைப்போம் என்றார் எடுத்த அம்மா. டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன, ரொம்பச் சின்னவை சில இப்படித்தான் சமாளிக்கின்றன.

பக்கத்து கவுண்டி சிறையில் முதலில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் விழும் என்று சொல்ல முடியாது, அதனால் பெயரை முன்பின்னாக மாற்றி, பிறந்த தேதியோடு தேடச் சொன்னேன், உடனே கிடைத்தது. குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை இரண்டையும் போனிலேயே வாசித்தார்கள்.

எழுத்தில் வேண்டுமென்றால் மாநிலத்தின் பொதுத் தகவல் சட்டப்படி கேளுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது. விசாரணை நடந்துகொண்டிருந்தாலும் கைதானவர், கைது, குற்றம் பற்றிய அடிப்படைத் தகவலை மறைக்க முடியாது. அப்புறம், வழக்கு என்ன ஆனது என்பது கைதுப் பதிவில் இருக்காது. அதை நீதிமன்றப் பதிவுகளை வைத்திருக்கும் கிளார்க்கிடம் கேட்க வேண்டும்: பெரிய குற்றமென்றால் மாவட்ட நீதிமன்ற கிளார்க், சின்னதென்றால் கவுண்டி கிளார்க், குட்டி கவுண்டிகளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள், பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.