விண்டோஸை மறுபடி போடும்போது ஃபைல்கள் தொலைவது எங்கே?

“என்னுடைய ஃபைல் எல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, தைரியமாக ஃபார்மேட் பண்ணலாம்.” இந்த நம்பிக்கையில்தான் பலருடைய படங்களும் ஆவணங்களும் போகின்றன. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே வழக்கமாக சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பவை. டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே கிடக்கும் ஃபைலும் அங்கேதான் இருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் டி-க்கு மாற்றிவிட்டால் போதுமா? போதாது. பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். இன்ஸ்டால் திரையில் சி, டி என்ற எழுத்துகளே வராது. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று வரிசையாக, அளவோடு காட்டும். அவசரத்தில் ஒரு வரி தள்ளி டெலீட் கொடுத்தால் டி-யும் போய்விடும். அதனால் முன்கூட்டியே ஒவ்வொரு டிரைவின் மொத்த அளவையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டி-க்கு அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு பெயரும் வைத்துவிடுங்கள். அந்தப் பெயர் பட்டியலில் பார்ட்டிஷனுக்குப் பக்கத்தில் தெரியும்.

முக்கியமானவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, இன்ஸ்டால் முடியும்வரை அதைக் கழற்றியே வைக்க வேண்டும். காப்பி எடுத்த பென்டிரைவையே இன்ஸ்டால் பென்டிரைவாக மாற்றிவிடக் கூடாது. இன்ஸ்டால் பென்டிரைவைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், அதிலிருப்பதை முழுவதும் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். காப்பி முடிந்ததும் வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, சில படங்களையும் ஆவணங்களையும் திறந்து பாருங்கள். ஃபோல்டர் தெரிந்தால் மட்டும் போதாது, ஃபைல் திறக்க வேண்டும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாதவை. ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரில்தான் பிரவுசரின் புக்மார்க், ஸ்டிக்கி நோட்ஸ் குறிப்புகள், பல கேம்களின் சேவ் எல்லாம் இருக்கின்றன. அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தாலும் குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் புது விண்டோஸில் திறக்காது. அவை பழைய யூசர் கணக்கோடு பூட்டப்பட்டவை. கூகுள் கணக்கில் சேர்த்துவைக்கும் சிங்க் வசதியை ஆன் செய்வதோ, பிரவுசருக்குள்ளிருந்தே தனி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்வதோதான் வழி. எக்ஸ்போர்ட் ஆகும் ஃபைலில் பாஸ்வேர்டுகள் யாரும் படிக்கும்படி அப்படியே இருக்கும், வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள். கணக்கு மென்பொருள், அவுட்லுக் போன்றவற்றுக்கும் அதனதன் உள்ளிருந்தே பேக்கப் எடுப்பது நல்லது.

மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவ் இருக்கிறதே என்பவர்கள், சிங்க் முழுதாக முடிந்துவிட்டதா என்று பிரவுசரில் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். டாஸ்க்பாரில் இருக்கும் குறியை மட்டும் நம்ப வேண்டாம்.

பலர் யோசிக்காமல் மாட்டிக்கொள்வது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரில். புதிய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது, அது உரியவருக்கே தெரிவதில்லை. அப்படிப் பூட்டிய டி டிரைவைத் தொடாமல் சி-யை மட்டும் ஃபார்மேட் செய்தாலும், புது விண்டோஸ் டி-யைத் திறக்க 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கும். கீ கையில் இல்லையென்றால் ஃபைல்கள் அங்கேயே இருந்தும் உங்களுக்கு இல்லை. ஆகவே முதலிலேயே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அந்தக் கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே கம்ப்யூட்டரில் சேமித்து வைப்பதில் அர்த்தமே இல்லை.

விண்டோஸ் ஓரளவு ஓடுகிறதென்றால் முழு ஃபார்மேட் தேவையே இல்லாமல் போகலாம். செட்டிங்ஸில் ‘ரீசெட் திஸ் பிசி’ போய் ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தால் சொந்த ஃபைல்கள் தங்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் போகும். பக்கத்திலேயே ‘ரிமூவ் எவ்ரிதிங்’ இருக்கிறது, அதை அழுத்திவிட வேண்டாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பேக்கப் எடுத்த பிறகுதான்.

இத்தனையும் மீறி ஏதாவது தொலைந்திருந்தால், முதலில் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். ஃபார்மேட் செய்யாமல் பழைய விண்டோஸ் மேலேயே புதிதைப் போட்டிருந்தால், பழைய யூசர்ஸ் ஃபோல்டர் அதற்குள் இருக்கும். கொஞ்ச நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும், எனவே உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அது இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் எதையும் புதிதாக எழுதாதீர்கள், ரிக்கவரி மென்பொருளைக்கூட அதில் போட வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்க வாய்ப்புண்டு. புதிய வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி ஃபார்மேட் ஆகியிருந்தால், டிரிம் என்ற ஏற்பாடு பழைய தகவலை உள்ளேயே துடைத்துவிடுவதால், பெரும்பாலும் மீட்க முடியாது.