கல்யாண போட்டோகிராபரை அமர்த்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

தேதியும் மண்டபமும் உறுதியானதும், சமையல்காரருக்கு அடுத்தபடியாகத் தேடப்படுபவர் போட்டோகிராபர். ஆனால் சமையல்காரரிடம் கேட்கும் கேள்விகளில் பாதியைக்கூட அவரிடம் நாம் கேட்பதில்லை. இலைக்கு எத்தனை கூட்டு பொரியல், பந்தியில் பரிமாற எத்தனை ஆள் என்று விசாரிக்கும் அதே குடும்பம், இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு "பேக்கேஜ் எவ்வளவு?" என்று கேட்டு அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறது. கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். பல ஊர் ஸ்டூடியோக்களிலிருந்து வரும் படங்களை வரிசைப்படுத்தும்போது, எது கிடைத்திருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்பது அந்த வீட்டாருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். விட்டுப்போனவற்றில் பெரும்பாலானவை, ஆளைப் பேசி முடித்த அன்றைக்கே விட்டுப்போனவை.

ரீல்ஸைப் பார்த்து முடிவெடுப்பது

ஸ்டூடியோக்களின் பக்கங்களில் நாம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அவுட்டோர் ஷூட். மாமல்லபுரக் கடற்கரை, ஊட்டித் தேயிலைத் தோட்டம், சாயங்கால வெயில். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் இருப்பார்கள். படம் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு தடவை நடக்கச் சொல்லலாம், திரும்பச் சொல்லலாம்.

கல்யாணம் அப்படி நடப்பதில்லை. நாலரை - ஆறு முகூர்த்தம் என்றால் வெளியே இன்னும் விடிந்திருக்காது. மண்டபத்தில் டியூப் லைட் வெளிச்சம் ஒரு நிறம், வீடியோ லைட் இன்னொரு நிறம். ஓமப்புகை கண்ணைக் கரிக்கிறது. ஐயர் "கெட்டிமேளம்" என்று சொன்னதும் சுற்றி நிற்கிற எல்லாரும் அட்சதையோடு முன்னால் சாய்கிறார்கள். தாலி ஏறுவது சில நொடிகள். திரும்பக் கட்டச் சொல்ல முடியாது.

அதனால், தேர்ந்தெடுத்த இருபது படங்களைப் பார்க்காதீர்கள். ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். அதிகாலை முகூர்த்தமாக, உங்கள் மண்டபத்தைப் போன்ற மண்டபத்தில் நடந்ததாக இருக்கட்டும். நல்ல தொழில்காரர் இதற்குத் தயங்க மாட்டார். அந்த வீட்டாரின் அனுமதி வேண்டும் என்று சொல்லி, ஸ்டூடியோவுக்கே வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னால் அது நல்ல அடையாளம்.

பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலில் ரிசப்ஷன் மேடை. இப்போது பல மண்டபங்களில் பின்னணிக்கு எல்இடி திரை வைக்கிறார்கள். ஷட்டர் வேகம் அதற்குப் பொருந்தாவிட்டால் படத்தின் பின்புறம் கோடு கோடாக விழும். திரையின் நீலமும் சிவப்பும் முகங்களில் ஏறும். இரண்டாவது, குரூப் போட்டோ. நடுவில் நிற்பவர்கள் மட்டும் தெளிவாக இருந்து, ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவும் சித்தியும் மங்கலாக இருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்றாவது, தோலின் நிறம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மாநிறமான பெண்ணை மாவு பூசியதுபோல் வெளுக்க வைத்து, கன்னத்துத் தழும்பையும் மூக்கோரத்து மச்சத்தையும் அழித்துக் கொடுக்கும் எடிட்டிங் இன்னமும் நடக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பாவும் அக்காவும் அதே படத்தில் தங்கள் நிறத்திலேயே நிற்பார்கள். அவள் மட்டும் வேறு யாரோபோல் இருப்பாள். "நிறத்தை மாற்றக் கூடாது" என்று முன்கூட்டியே, பெண்ணின் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

யார் வருகிறார் என்று கேட்காமல் விடுவது

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம், அதிலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரில் ஒரு மண்டபமும் காலியாக இருக்காது. அப்படிப்பட்ட நாளில் பெயரெடுத்த ஸ்டூடியோ ஒன்று மூன்று, நான்கு கல்யாணங்களை ஏற்றுக்கொள்வது சகஜம். முதலாளி ஒரு மண்டபத்தில் இருப்பார். மற்ற மண்டபங்களுக்கு அன்றைய கூலிக்கு வெளியாட்கள் போவார்கள். அவர்களும் திறமைசாலிகளாக இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்து மயங்கிய படங்களை எடுத்தவர் அவர்கள் இல்லை.

"எங்கள் கல்யாணத்துக்கு யார் வருவார்? அவர் எடுத்த படங்களைப் பார்க்கலாமா? அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அடுத்த ஆள் யார்?" இந்த மூன்று கேள்விகளையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். பேசி முடிக்க ஆடியோ மார்கழியோ நல்ல காலம். அவர்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். முகூர்த்த மாதத்தில் போனில் பிடித்தால், இரவு முழுக்க விழித்த களைப்போடு "எல்லாம் பண்ணிரலாம் சார்" என்ற பதில்தான் வரும்.

கேண்டிட் மட்டும் போதும் என்று நினைப்பது

இன்றைய பிள்ளைகளுக்கு மேடையில் வரிசையாக நின்று எடுக்கும் படம் பிடிப்பதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. சிரிப்பும் கண்ணீரும் தானாக வரும்போது பிடித்த கேண்டிட் படத்தில் இருக்கும் உயிர், "கேமராவைப் பாருங்க" என்று சொல்லி எடுத்ததில் வருவதில்லை. ஆனால் செலவைக் குறைக்க, வரிசையாக நிற்க வைத்து எடுக்கும் டிரெடிஷனல் போட்டோகிராபரை நிறுத்திவிட்டு கேண்டிட் ஆளை மட்டும் வைத்துக்கொள்ளும் வீடுகளில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் நூற்றுக்கணக்கான படங்களில் இருப்பார்கள். தாய்மாமன் குடும்பத்தோடு நின்ற படம் இருக்காது. பெரியப்பா கையெடுத்து ஆசீர்வதிக்கும் படத்தில் முகம் பாதிதான் தெரியும். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த அத்தை ஒரு படத்திலும் இல்லாமல் ஊர் திரும்பியிருப்பார்.

வயதானவர்கள் விஷயத்தில் இது இன்னும் கனமானது. கல்யாணம் முடிந்து சில வருடங்கள் கழித்து, "அந்தக் கல்யாணத்துல எங்க அப்பத்தா தனியா இருக்கிற மாதிரி ஒரு படம் கெடைக்குமா?" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. எதற்குக் கேட்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல பட்டுப் புடவை உடுத்தி, பூ வைத்து, பேரப்பிள்ளைகள் சூழ அந்த மனுஷி உட்கார்ந்திருந்த கடைசி நல்ல நாள் அதுவாகத்தான் இருந்திருக்கும். தேடினால் கூட்டத்தில் பாதி மறைந்த முகம்தான் அகப்படும்.

கேண்டிட் ஆள் ஒருவர், டிரெடிஷனல் ஆள் ஒருவர் என்று இருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் வரும் ஒருவரிடமே தெளிவாகச் சொல்லுங்கள்: ரிசப்ஷன் வரிசை தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் குடும்பப் படங்களுக்கு. தாத்தா, பாட்டிகளைத் தனித்தனியாக, நல்ல வெளிச்சத்தில், உட்கார வைத்து ஒரு படம். யார் யாரை அழைக்க வேண்டும் என்று போட்டோகிராபருக்குத் தெரியாது. பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் கையில் பட்டியலோடு நிற்க வேண்டும். கல்லூரித் தம்பிகளைவிட, எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு சித்தப்பா இதற்குப் பொருத்தம்.

சடங்கு வரிசையைச் சொல்லாமல் விடுவது

கொங்குப் பக்கத்தில் இணைச்சீர், நகரத்தார் வீட்டில் திருப்பூட்டுதல், ஐயர் வீட்டில் காசி யாத்திரையும் ஊஞ்சலும். சர்ச் கல்யாணத்துக்கும் நிக்காஹ்வுக்கும் வேறு ஒழுங்கு, வேறு கட்டுப்பாடு. சென்னையிலிருந்து வரும் போட்டோகிராபருக்கு காங்கேயத்து வீட்டுச் சீர்கள் எப்படித் தெரியும்? பல சமூகங்களில் தாலியின் மூன்றாம் முடிச்சை நாத்தனார் போடுவார். அவர் பெண்ணுக்குப் பின்னால் நிற்பதால், முன்னால் மட்டும் கேமரா வைத்தால் அந்தக் கைகள் படத்தில் வராது. அரைத்தாளில் சடங்குகளின் வரிசை, உத்தேச நேரம், முக்கியமான ஆட்கள் என்று எழுதி ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கோயிலில் கல்யாணம் என்றால் கேமராவுக்கு அனுமதி உண்டா, எந்த இடம் வரை என்று கோயில் அலுவலகத்தில் நீங்களே போய்க் கேட்டு வையுங்கள். தமிழகக் கோயில்களில் செல்போனைத் தடைசெய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு இந்த விஷயத்தில் கெடுபிடி கூடியிருக்கிறது.

முகூர்த்த நேரத்தில் மேடையின் முன்புறத்தைக் காக்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். செல்போனை நீட்டி நிற்கும் சொந்தக்காரரை போட்டோகிராபர் அதட்ட முடியாது, மாமா அதட்டலாம். இன்னொரு பக்கம், எடுக்க வந்தவர்களே அரணாக நின்று, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முதுகை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் கல்யாணங்களும் உண்டு. மேடையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்க ஒருவரை வையுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நிற்பவர்கள் அவர்கள். இரவு தங்க ஓர் அறையும், முகூர்த்தம் முடிந்தவுடன் ஒருவர் மாற்றி ஒருவர் போய் உட்காரப் பந்தியில் இடமும் அவர்களுக்கு உண்டென்றால் வேலை வேறு மாதிரி இருக்கும்.

வாய்ப்பேச்சோடு நிறுத்துவது

"40 ஷீட் ஆல்பம்" என்பது ஓர் இடத்தில் 12-க்கு 36 அங்குலத்தில் விரியும் நாற்பது தாள். இன்னோர் இடத்தில் நாற்பது பக்கம். பாதிக்குப் பாதி வித்தியாசம். "வீடியோ" என்றால் நாலு நிமிட ஹைலைட்ஸா, மூன்று மணி நேர முழுப் பதிவா? எடிட் செய்யாத எல்லாப் படங்களும் கிடைக்குமா? ஆல்பம் எத்தனை நாளில்? ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை. பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொண்டாலே பெரிய பாதுகாப்பு.

பணத்தை மூன்றாகப் பிரிப்பது நல்லது: தேதியைப் பிடிக்க ஒரு பங்கு, கல்யாணத்தன்று ஒரு பங்கு, ஆல்பமும் வீடியோவும் கைக்கு வரும்போது கடைசிப் பங்கு. கல்யாணத்தன்றே முழுத் தொகையையும் கொடுத்துவிட்ட வீடுகளின் வேலைதான் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. அதேபோல், பேசிய பங்கைப் பேசிய நாளில் கொடுப்பது நம் கடமை.

பலர் அறியாத ஒன்று: பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவர்தான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் "உரிமை ஸ்டூடியோவுக்கே" என்று ஒரு வரி இருந்தால் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் படங்களை அவர்கள் இன்ஸ்டாகிராமில் போடலாமா, எந்தெந்தப் படங்களை என்பதைப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்து எழுத்தில் சொல்லுங்கள். குழந்தைகளின் படங்களும், அலங்கார அறையில் எடுத்தவையும் கேட்காமல் வெளியே போகக் கூடாது.

பணம் வாங்கிக்கொண்டு ஆல்பம் தராமல் இழுத்தடித்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வாங்கிய அந்த "சரி" அப்போது உதவும்.

டிரோன் பற்றி ஒரு வார்த்தை. 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. மீனம்பாக்கத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களுக்கு இது பொருந்தும். சிறிய மண்டபத்துக்கு டிரோன் செலவு வீண். அந்தப் பணத்தில் இன்னொரு போட்டோகிராபரை வைக்கலாம்.

கல்யாணத்துக்குப் பிறகு

மெமரி கார்டு பழுதாகும், ஹார்டு டிஸ்க் கீழே விழும். ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கேமராவா, அன்றிரவே எத்தனை இடத்தில் பிரதி எடுப்பார்கள் என்று கேளுங்கள். ஆல்பத்துக்குக் காத்திருக்காமல், எல்லாப் படங்களையும் முதல் வாரத்திலேயே உங்கள் ஹார்டு டிஸ்க்கில் வாங்கி, இன்னொரு பிரதியை உறவினர் வீட்டில் வையுங்கள். டிரைவ் லிங்க்கை நம்பி இருக்காதீர்கள். சில மாதங்களில் அது திறக்காமல் போகலாம். மாப்பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருந்தால் துணைவர் விசாவுக்குக் கல்யாணப் படங்களைச் சான்றாக இணைப்பது வழக்கம். தாலி கட்டும் படம், இரு குடும்பத்தாரும் நிற்கும் படம் இரண்டையும் உடனே அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

ஆல்பம் தாமதமாவதற்கு ஸ்டூடியோ மட்டுமே காரணம் இல்லை. மூவாயிரம், நாலாயிரம் படங்களிலிருந்து இருநூறைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டியது வீட்டார். இரு வீட்டாரும் ஒத்துப்போகாமல் அந்தப் பட்டியலே ஒரு வருடம் கழித்து வந்து சேர்வதுண்டு. மறுவீடு முடிந்ததும் உட்காருங்கள். முதலில் சடங்குகள், அடுத்து பெரியவர்கள், பிறகு குடும்பங்கள், கடைசியில் நண்பர்கள் என்று எடுத்தால் இரண்டு, மூன்று மாலைகளில் முடிந்துவிடும்.

அச்சுக்குப் போகும் முன் வடிவமைப்பைப் பார்க்கக் கேளுங்கள். போனின் சிறிய திரையில் பார்க்காமல் கணினியில் திறந்து, பெயர்களின் எழுத்து, கல்யாணத் தேதி, சடங்குகளின் வரிசை, ஒரு குடும்பம் விட்டுப்போய் இன்னொன்று இரண்டு முறை வந்திருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். விரியும் தாளின் நடு மடிப்பில் யாருடைய முகமும் விழாமல் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தாள்களைச் சேர்த்து ஒட்டிய பிறகு நடுவில் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. முழு ஆல்பத்தையும் திரும்ப அச்சிட வேண்டியிருக்கும்.