ருக்மணி தேவியின் பழைய இசைத்தட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி

இலங்கையில் சிங்களத் திரையின் பாடகியும் நடிகையுமான ருக்மணி தேவி 'சிறி புத்தகயா விஹாரே' பாடலை எச்.எம்.வி. நிறுவனத்தின் தட்டுக்காகப் பாடிய ஆண்டு 1938. அப்போது அவருக்கு வயது 15. முதல் சிங்களப் பேசும்படமும் அவர் நடித்ததுமான 'கடவுணு பொறொந்துவ' 1947 ஜனவரி 21ஆம் தேதிதான் திரைக்கு வந்தது. அதற்கு முந்தைய குரலைக் கேட்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகளைத்தான் தேடிப் போக வேண்டும். அப்படி ஒரு தட்டு கிடைத்தால் ஆசைக்குக்கூட சாவி கொடுக்கும் கிராமபோனில் வைக்காதீர்கள். அதன் ஒலிப்பெட்டி 100 கிராமுக்கு மேல் எடையோடு அமர்ந்து, எஃகு ஊசியால் தடத்தின் சுவரை ஒவ்வொரு முறையும் அரைத்து எடுக்கும்.

முதல் வேலை கழுவுவது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம், வினைல் தட்டுக்கென்று விற்கும் ஆல்கஹால் கலந்த கரைசல் எதுவும் படக்கூடாது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் வாசனையில்லாத மென்மையான சோப்புத் திரவம் 10 துளி போதும். மெல்லிய தூரிகையை வட்டமாக, தடம் ஓடும் திசையிலேயே நகர்த்துங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு தடத்துக்குள் இறங்கி இறுகும். நடுவிலுள்ள லேபிளில் ஈரம் பட்டால் மை கலங்கி, பாடகர் பெயரும் தட்டு எண்ணும் போய்விடும். அடுத்து சோப்பில்லாத நீரில் அலசி, நிமிர்த்தி வைத்து, நிழலில் சில மணி நேரம் உலர விடுங்கள். நீரில் ஊற வைக்கவே கூடாது. விளிம்பில் விரிசலோ உள்ளே அட்டைப் படலமோ தெரிந்தால் நீரே வேண்டாம், உலர்ந்த தூரிகை மட்டும். கடலோர ஊர்களிலிருந்து வரும் தட்டுகளில் சாம்பல் நிறப் பூஞ்சணம் அடிக்கடி இருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் துடையுங்கள்.

அடுத்தது ஊசி. பிற்காலத்து எல்பி (வினைல்) தட்டுக்கான ஊசியின் முனை ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். 78 தட்டின் தடம் அதைவிட மிக அகலம் என்பதால் அந்த ஊசி அடியில் கிடக்கும் தூசியில் உரசி இரைச்சலைத்தான் தரும். 76 மைக்ரான் கூம்பு ஊசி வேண்டும். பலமுறை ஓடித் தேய்ந்த தட்டானால் சற்றுப் பெரியதையும் சற்றுச் சிறியதையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சுவரில் தேயாத உயரம் எங்கேயாவது மிச்சமிருக்கும். அழுத்தம் 3 முதல் 5 கிராம் வரை, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும், அதன் அதிர்வை மின்குறியாக்கும் பாகம்) தாங்கும் அளவுக்கு.

வேகத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். 78 என்று எழுதியிருந்தாலும் அந்தக் காலப் பதிவு எந்திரங்கள் மிகச் சரியாக 78இல் ஓடவில்லை. வேகம் 6 விழுக்காடு பிசகினால் சுருதி அரைச் சுரம் மாறும். மெதுவாக ஓட்டினால் 15 வயதுப் பெண் 30 வயதுக்காரியாகக் கேட்பாள். பின்னணியில் ஆர்மோனியம் ஒலித்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதன் சுருதி பாட்டுக்கு நடுவே மாறாது. ட்யூனர் செயலியில் அதைப் பார்த்து, இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டு வேகத்தை முடிவு செய்து, அந்த எண்ணை எழுதி வையுங்கள். உங்கள் டர்ன்டேபிளில் 78 இல்லையென்றால் 45 சுற்று வேகத்தில் பதிந்து, கணினியில் 1.733 மடங்கு வேகப்படுத்தலாம். நெளிந்த தட்டுக்கு இந்த வழி உண்மையிலேயே நல்லது, ஊசி துள்ளாது.

கடைகளில் கிடைக்கும் போனோ ஆம்ப்ளிஃபையர்களில் (டர்ன்டேபிளின் மெல்லிய ஒலிக்குறியைப் பெருக்கும் கருவி) ஆர்ஐஏஏ எனும் ஒலிச் சமன் (கனத்த ஒலியைக் கூட்டி, மெல்லிய உயர் ஒலியைக் குறைக்கும் திருத்தம்) உள்ளேயே இருக்கும். அது 1950களில் வந்த ஏற்பாடு. 10 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 14 டெசிபலைக் குறைத்துவிடும். 1938 தட்டில் அப்படிக் குறைத்தால் பாடகி போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். இந்த ஒலிச் சமன் இல்லாத ஆம்ப்ளிஃபையரில் பதியுங்கள். கிடைக்காவிட்டால் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ஆர்ஐஏஏ வளைவைத் தலைகீழாக்கி நீக்குங்கள். 45இல் பதிந்தவர்கள் வேகப்படுத்துவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு 250 முதல் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் கனத்தைக் கூட்டினால் போதும்.

பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்குள். தட்டு மோனோதான், ஆனாலும் ஸ்டீரியோவிலேயே பதியுங்கள். தனித்தனியாகப் பதிவாகும் தடத்தின் இரண்டு சுவர்களில் ஒன்று அதிகம் தேய்ந்திருந்தால் மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் நன்றாக இருந்தால் கூட்டும்போது மேலும் கீழுமான அதிர்வின் இரைச்சல் தானே அடங்கும். மூன்றரை நிமிடப் பக்கம் ஒன்று சுமார் 120 மெகாபைட் வரும். இந்த முதல் கோப்பில் எதையும் திருத்தாதீர்கள், திருத்தமெல்லாம் நகலில்.

நகலில் 'டிக் டிக்' ஒலிகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குவது அலுப்பான வேலைதான், ஆனால் பாடலுக்குப் பாதுகாப்பு. தொடர் இரைச்சலை 6 டெசிபலுக்கு மேல் குறைக்க வேண்டாம். மீறினால் 'ஸ', 'ஷ' ஒலிகள் மழுங்கும், அடி இழுத்து முடியும் இடத்து மூச்சு காணாமல் போகும், குரல் தண்ணீருக்கடியில் கேட்பது போலாகும். சற்றே இரைச்சலோடு கேட்கும் ருக்மணி தேவிதான் உண்மையான ருக்மணி தேவி.

விவரக் குறிப்பை உடனே எழுதுங்கள். லேபிளின் இரு பக்கங்களையும் படமெடுங்கள், லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை (அந்தப் பதிவுக்கான அடையாள எண்) சாய்வான வெளிச்சத்தில் படியுங்கள். இலங்கையின் றம்பொடையில் 1923இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவரின் பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். ருக்மணி தேவி மேடைக்கும் திரைக்குமான பெயர். இரண்டையும் ஒரே ஆளின் கீழ் பதியுங்கள், சிங்கள எழுத்தில் உள்ளதை உள்ளபடியே சேருங்கள். படப் பாடல் என்றால் படம் வந்த ஆண்டைத் தட்டின் ஆண்டாக எழுதிவிடாதீர்கள். தட்டுக்காகப் பாடியதும் படத்தின் ஒலித்தடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 'கடவுணு பொறொந்துவ' மதுரையில் எடுக்கப்பட்ட படம் என்பதால், பாடல்களும் அங்கேயே பதிவானவை என்று ஊகித்து எழுதுவதும் கூடாது.

கோப்பை வெவ்வேறு கட்டடங்களில் இரண்டு வட்டுகளில் வையுங்கள். தட்டை அமிலமில்லாத காகித உறையிலிட்டு, செங்குத்தாக, அதே அளவுள்ள தட்டுகளோடு நிறுத்துங்கள். படுக்கையாக அடுக்கினால் மேலே உள்ளவற்றின் பாரத்தில் அடித்தட்டு ஒருநாள் விரிசல் விடும்.